பேச்சு அறுந்தவள் வைத்த கல்

கார்த்திகை 2

இந்த டைரி உரக்கடைக்காரர் என் மகன் வேலப்பனுக்குக் கொடுத்தது. அவன் எழுதமாட்டான். நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக வரும், ஆனால் வரும்.

"எதுக்கு அத்தை எழுதுறீங்க?" என்று மருமகள் செம்பகம் கேட்டாள்.

இந்த ஊரில் எல்லோரும் தாங்கள் சொன்னதைப் பிறகு சொல்லவே இல்லை என்கிறார்கள். எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. "சடைச்சி கிழவிக்கு மறதியே கெடையாது, அதான் அவளுக்கு வியாதி" என்று ஊரே சொல்லும். இருக்கட்டும். இனிமேல் தாளில் இருக்கும்.

இன்று நடந்தது. நாள் கணக்காகப் பெய்த மழை விட்டு விடிகாலையில் வெயில் வந்தது. வெளியே வந்து பார்த்தால் மஞ்சப்பாறைக்குப் பக்கத்தில் மலை இறங்கிக் கிடக்கிறது. எங்கள் ஊத்துக்கானலிலிருந்து கீழே போக ஒரே ஒரு குதிரைப் பாதைதான். அரிசி அதில்தான் ஏறும். பீன்ஸும் பூண்டும் உருளைக்கிழங்கும் அதில்தான் இறங்கும். பிள்ளைத்தாய்ச்சியையும் அதில்தான் டோலி கட்டி இறக்க வேண்டும். அதில் நாலு வயல் நீளத்துக்கு இப்போது பாதை இல்லை, சேறும் கல்லும்தான்.

வேலப்பன் பீன்ஸ் மூட்டைகளோடு குதிரைகளை ஓட்டிப் போனவன் அக்கரையில் மாட்டிக்கொண்டான். நொண்டிக் குதிரை சாம்பி மட்டும் வீட்டில் நிற்கிறது. சரிவுக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினான்.

"அம்மா! செம்பகம் எப்பிடி இருக்கா?"

"இருக்கா!" என்று கத்தினேன். வேறென்ன கத்துவது?

அவளுக்கு இது மூன்றாவது. மூத்தவள் கயலுக்கு ஏழு வயது. இரண்டாவதை டோலியில் தூக்கிப் போகும்போது வழியிலேயே இழந்தோம். அன்றும் மழை, அன்றும் பாதை வழுக்கல், அன்றும் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாகிவிட்டது. இந்தப் பிள்ளைக்குத் தை பிறந்ததும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நாள் இருக்கிறது. இருக்கிறது என்று எழுதினால் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது.

கார்த்திகை 4

சிக்னல் பாறைக்கு ஏறி ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் போன் போட்டார்கள். செம்பகத்துக்குக் கொஞ்சம் உதிரம் பட்டதால் அவள் நடக்கவே கூடாதாம். சோலையைச் சுற்றிக் கீழே இறங்க இன்னொரு தடம் உண்டு. காட்டுமாடு நிற்கும் தடம். திடமான ஆம்பிளைக்கே விடிந்து அடையும் வரை நடை. டோலி அதில் நுழையாது.

ஆகப் பாதை சரியானால்தான் செம்பகம் இறங்க முடியும்.

கார்த்திகை 6

அக்கரைக்கு அதிகாரிகள் வந்தார்கள். குடை பிடித்துப் பார்த்தார்கள். மிஷின் ஏற வழியில்லை, மழைக்காலம் போனதும் பார்க்கலாம் என்றார்களாம்.

இங்கே ஊர்க்கூட்டம். மூப்பர் தவசி, "மறுபடியும் மனுக் குடுப்போம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது அவள் எழுந்து, "மனு எழுதுறவுக எழுதுங்க. நான் கடப்பாரை எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

அவள் என்றால் மாணிக்கத்தாய். செம்பகத்தைப் பெற்றவள், எனக்குச் சம்பந்தி. எங்களுக்குள் பேச்சு அறுந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

வெளியூரார் யாராவது இதைப் படித்தால் புரியாது, அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் சண்டை முற்றினால் சும்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. சாமி முன்னால் ஆளுக்கொரு முனையாக அவரைக்கொடியைப் பிடித்துக்கொள்ள, மூப்பர் நடுவில் அறுப்பார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசக்கூடாது. ஒரே சுவரில் இரண்டு பேரும் கல் வைக்கக்கூடாது. வைத்தால் அந்தச் சுவர் நிற்காது. எல்லோரும் பார்க்க ஒருத்தி இன்னொருத்தியை உறவு முறை சொல்லிக் கூப்பிட்டால் பேச்சு கூடிவிடும். அவ்வளவுதான். யார் முதலில் கூப்பிடுவது என்பதில்தான் இத்தனை வருடம் போனது.

நாங்கள் அறுத்தது வாய்க்கால் தண்ணீருக்காக. பங்குனி வெயிலில் என் முறைத் தண்ணீரைத் தன் வயலுக்கு வெட்டி விட்டாள். என் பூண்டு முழுக்கக் காய்ந்தது. அன்று அவள் கட்டியிருந்த சேலை பச்சை, சிவப்புக் கரை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

என் மகன், மலையில் வேறு பெண்ணே பிறக்காததுபோல அவள் மகளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். கல்யாணத்தில் நான் சொல்ல வேண்டியதைக் குத்துவிளக்கிடம் சொன்னேன், அவள் பதிலைத் தேங்காயிடம் சொன்னாள். கல்யாணம் நன்றாகவே நடந்தது.

கார்த்திகை 7

ஒத்தையாளாகப் போய் ஆரம்பித்துவிட்டாள். சாம்பியை மேய்க்க அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் பார்த்தேன்.

என்னைப் பார்த்ததும் குதிரையிடம் பேசினாள். "ஏ சாம்பி, உங்க வீட்டுக்காரி வேடிக்கை பாக்க வந்தாளா? டிக்கெட்டு வாங்கிட்டாளான்னு கேளு."

நானும் குதிரையிடமே சொன்னேன். "சாம்பி, மலையவே முட்டுக்குடுக்கப் போறாகளாம் மகராசி. கடப்பாரைக்கு வலிக்காமக் குத்தச் சொல்லு."

"நீ கேளு சாம்பி, உங்க வீட்டுக்காரிக்கு நாக்குல மட்டுந்தான் பலமா?"

சாம்பி புல்லைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேர் பேச்சும் கேட்டுக் கேட்டு அதற்குப் பழகிவிட்டது.

கார்த்திகை 10

மழை. புகைப்பரணில் விதைப்பூண்டைத் திருப்பிப் போட்டேன். செம்பகத்துக்குக் கால் வீக்கம். கொள்ளு ரசம் வைத்தேன், பாதி குடித்தாள்.

கார்த்திகை 12

உள்ளதைச் சொல்ல வேண்டும். மாணிக்கத்தாய்க்குக் கல் கட்டத் தெரியும். எங்கள் மலையில் வயல் என்பதே கல்கட்டுதான். சுவர் இல்லாவிட்டால் மண் நிற்காது. எல்லாப் பெண்களும் கட்டுவோம். ஆனால் அவள் கட்டுவது வேறு. முதலில் சேற்றை வழித்து இறுகின மண் வரைக்கும் தோண்டினாள். பெரிய கல்லை உருட்டி அடியில் படுக்கவைத்தாள். மேல் வரிசையை மலைப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேல் ஒரு கல்லை முழுசாக ஏற்றினாள். ஒவ்வொரு கல்லையும் தூக்குவதற்கு முன் நின்று பார்ப்பாள். பார்த்த கல் உட்கார்ந்துவிடும். ஒரே கல்லை இரண்டு தரம் வைத்து நான் பார்க்கவில்லை.

வயது அவளுக்கும் எனக்கும் ஒன்றுதான். எனக்கு முட்டி வலி.

இன்று அவளோடு நாலைந்து பேர் வேலை செய்தார்கள். அக்கரையில் வேலப்பனும் குதிரைக்காரர்களும் அந்தப் பக்கத்திலிருந்து வெட்டி வருகிறார்கள்.

கார்த்திகை 15

காலையில் சுள்ளி பொறுக்க அந்தப் பக்கம் போனேன். யாரும் வரவில்லை. சுவரில் இரண்டு கல் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற கல்லைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியாது. இடுக்கில் சில்லுக்கல் அடித்து இறுக்கினேன். இதைக் கல் வைத்தது என்று சொல்ல முடியாது.

கார்த்திகை 16

சுள்ளி.

கார்த்திகை 17

சுள்ளி.

கார்த்திகை 20

அரிசி அநேக வீட்டில் தீர்ந்துவிட்டது. யாரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. இருக்கிற வீட்டிலிருந்து இல்லாத வீட்டு வாசலுக்கு முறம் தானாகப் போகிறது. நாங்கள் உருளைக்கிழங்கும் ராகியும். கயல், "அப்பத்தா, நெதமும் கெழங்கா?" என்றாள். "கெழங்கு தின்னு வளந்தவதான் உங்க அம்மாச்சி. பாரு, மலைய முட்டுக்குடுக்குறா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நல்லவேளை, குதிரை பக்கத்தில் இல்லை.

இப்போது ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் சரிவில் இருக்கிறார்கள். ஆண்கள் கல் உருட்டுகிறார்கள், பெண்கள் கட்டுகிறார்கள், பிள்ளைகள் சல்லி பொறுக்கித் தருகிறார்கள். பால் கறக்கிற வீட்டிலிருந்து மத்தியானம் மோர் வருகிறது. ஒருத்தரும் கூப்பிட்டு வரவில்லை. சம்பளமும் இல்லை. குளிரில் விரல் வெடித்து ரத்தம் வருகிறது, அதில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி கல் தூக்குகிறார்கள். இப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று கீழே யாருக்குத் தெரியும்?

நான் மட்டும் போவதில்லை. போகக்கூடாது. அவள் கட்டுகிற சுவர்.

கார்த்திகை 24

மாணிக்கத்தாய் சாயங்காலம் போகும்போது மறுநாளைக்கு வேண்டிய கல்லைச் சுவரோரம் குவித்துவிட்டுப் போகிறாள். தட்டைக் கல் ஒரு பக்கம், நீளக் கல் ஒரு பக்கம், சில்லு தனியாக. இடுப்பு உயரத்தில் பாறை மேல் வைத்திருக்கிறாள், குனியாமல் எடுக்க வசதியாக. முட்டி வலிக்காரிக்குக்கூடச் சிரமம் இருக்காது. கல்லைக் குவிப்பதில்கூட ஒரு ஒழுங்கு. பெருமைக்காரி.

இன்று சுள்ளி நிறையக் கிடைத்தது.

கார்த்திகை 29

செம்பகத்துக்கு முகமும் வீங்கியிருக்கிறது. நர்சம்மா, சீக்கிரம் கொண்டு வாருங்கள் என்கிறார். தவசி மூப்பர், "மார்கழி பத்து தேதிக்குள்ள ரெண்டு பக்கமும் முட்டிரும்" என்றார். எழுதி வைக்கிறேன். பின்னால் சொல்லவில்லை என்று சொல்லக்கூடாது.

மார்கழி 4

உறைபனி. விடிகாலையில் பீன்ஸ் இலையெல்லாம் வெள்ளை. வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவாவிட்டால் செடி கருகிவிடும். எல்லோர் வீட்டுப் பீன்ஸும் கருகும். ஆனால் இன்று ஒருத்தரும் பீன்ஸுக்குப் போகவில்லை, சரிவுக்குப் போனார்கள். என் மருமகளுக்காக.

மார்கழி 8

நேற்றுப் பெரிய மழை. மேல் முனையில், ஊற்றுக்குப் பக்கத்தில் கட்டிய சுவரில் ஒரு பகுதி சரிந்துவிட்டது.

ஊர் கூடி நின்றது. "சுவரு நல்லாத்தான இருந்துச்சு. பேச்சு அறுந்த கை ஏதாச்சும் பட்டிருக்கா?" என்று தவசி கேட்டார். கேட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரிய மனிதர்.

மாணிக்கத்தாய் முன்னால் வந்தாள். "எவ கையும் படல. ஊத்துத் தண்ணி போக அடியில ஓட்டை விடணும், நான் மறந்துட்டேன். கோளாறு என் கையில. இன்னொருக்காக் கட்டுறேன்."

அவள் மறக்கிறவளா? ஓட்டை விட்டிருந்தாள். என் கண்ணால் பார்த்தேன். அந்த ஓட்டைக்கு மேல் இருந்த வரிசைதான் ஆடியது. அந்த வரிசையைத்தான் நான் இறுக்கினேன்.

கயலைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்கழி 9

மேல் முனையை ஒரே நாளில் மறுபடி கட்டிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நாள் முழுக்க யோசித்தேன். மேல் முனை விழுந்தது என் கையால். அப்படியானால் என் கை பட்ட கீழ்ச் சுவரும் விழும். எப்போது விழும்? டோலி அதன்மேல் போகும்போது விழுந்தால்?

மார்கழி 10

இதை எழுதுவதற்கு முன் மூன்று தரம் பேனாவை மூடி வைத்தேன். ஆனாலும் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் யாரும் வருவதற்கு முன் சரிவுக்குப் போனேன். கீழ்ச் சுவரில் என் கை பட்ட கல்லை மட்டும் எடுத்துவிட்டால் சுவர் சுத்தமாகிவிடும், அவள் கல் மட்டும் இருக்கும், நிற்கும் என்று நினைத்தேன். நாலைந்து கல்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றை எடுத்தேன். பக்கத்திலும் என் கல்தான். அதற்கு மேலேயும் என் கல். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. இத்தனை கல்லையா வைத்தேன்? சுள்ளிக்கு வந்த இடத்தில் ஒரு சுவரையே கட்டியிருக்கிறேன்.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு நீளக்கல்லை இழுத்தேன். மேலே இருந்த அவள் கல்லெல்லாம் என் காலடிக்கு வந்துவிட்டது. பாதையில் ஒரு ஆள் நீளத்துக்குப் பள்ளம். இரண்டு பக்கமும் இன்றைக்கு முட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஊர்ப்பக்கமிருந்து கயல் ஓடி வந்தாள். "அப்பத்தா! அம்மாவுக்கு வலி வந்துருச்சு!"

தைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அவசரம்.

கம்பளியில் டோலி கட்டி நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் மாணிக்கத்தாய் வந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். கை முழுக்கச் சேறு. டோலி நின்றுவிட்டது. அக்கரையிலிருந்து வேலப்பன், "ஏன் நிக்கிறீங்க? என்னாச்சு?" என்று கத்தினான்.

தவசி, "இதென்ன கொடுமை? காலைல யாரு வந்தது?" என்றார்.

மாணிக்கத்தாய் சாம்பியைத் தேடினாள். சாம்பி இல்லை. பக்கத்தில் கிடந்த ஒரு கல்லிடம் பேசினாள். "சில்லெல்லாம் எடது பக்கத்துல இருந்து அடிச்சிருக்கு. இந்த ஊருல எடதுகைக்காரி யாருன்னு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். அவளுக்கு முட்டி வலின்னுதான் கல்லைத் தூக்கிப் பாறை மேல வச்சுட்டுப் போனேன். அவ வச்ச வரிசை நல்லாத்தான் நின்னுச்சு. மேல சரிஞ்சது ஊத்துத் தண்ணியால. இத யாரு புடுங்கச் சொன்னது?"

கையிலிருந்த சேற்றைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

கல்லை மறுபடி வைக்க வேண்டும். வேகமாக வைக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி, அவள் ஒருத்தி. ஒருத்தி மட்டும் கட்டினால் நேரமாகும். இரண்டு பேரும் கை வைத்தால் வழக்கம் தடுக்கும். தவசி எங்கள் இருவரையும் பார்த்தார். ஊரே பார்த்தது.

அவள் கூப்பிடட்டும் என்று நான் நின்றேன். நான் கூப்பிடட்டும் என்று அவள் நின்றாள். என்ன ஜென்மங்கள் நாங்கள்.

டோலிக்குள்ளிருந்து செம்பகம் கத்தினாள். "ரெண்டு பேருல யாராச்சும் வாயத் தொறங்க! இல்லேன்னா இங்கனயே பெத்துப் போட்டு, ஒங்க ரெண்டு பேருக்கும் கண்ணுலயே காட்டாம வளப்பேன்!"

டோலி தூக்கின பையன்கள் சிரித்துவிட்டார்கள். வலியில் கத்துகிறவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தது.

"மதினி, அந்த நீளக் கல்ல இங்கிட்டுத் தள்ளு."

மாணிக்கத்தாய் கல்லைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, "தலைமாடு உள்ளயா வெளியவா மதினி?" என்றாள்.

"உள்ள. மலைக்குள்ள போகட்டும்."

அவ்வளவுதான் பேச்சு கூடியது. சூடம் இல்லை, தேங்காய் இல்லை. தவசி மூப்பர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூடிருச்சு. கைய வைங்க" என்றார்.

பிறகு நடந்ததை எழுத எனக்குப் படிப்பு போதாது. ஆண்கள் கல் எடுத்துக் கொடுத்தார்கள். அவள் வலது கைக்காரி, நான் இடது கைக்காரி. அவள் அந்தப் பக்கத்திலிருந்து சில்லு அடிக்கிறாள், நான் இந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறேன். நடுவில் கல் இறுகுகிறது. ஒற்றை ஆளாகக் கட்டும்போது ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அவள் சுவரிலும் இருந்தது, என் சுவரிலும் இருந்தது. இதில் இல்லை. "இன்னும் ஒண்ணு", "சில்லு குடு", "கால எடு மதினி" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அக்கரையில் வேலப்பன் ஆட்கள் கடைசி மண்ணை வெட்டித் தள்ளினார்கள். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான். "வேலயப் பார்ரா!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

பாதை டோலி அகலத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. மாணிக்கத்தாய் முதலில் ஏறி நடுவில் நின்று குதித்தாள். இந்த வயதில், அந்தப் பள்ளத்துக்கு மேலே, இரண்டு தரம் குதித்தாள். சுவர் அசையவில்லை.

"வாங்கடா" என்றாள்.

டோலி போயிற்று. நான் சுவரோரம் கீழே நின்று கல்லில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அசைந்தால் என் கைக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கல்லில் ஒரு சின்ன அதிர்வு, அப்புறம் அமைதி. கடைசி அடி போனதும் அக்கரையில் வேலப்பன் டோலிக் கொம்பைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

மார்கழி 11

டோலிக்குப் பின்னாலேயே நானும் மாணிக்கத்தாயும் இறங்கிவிட்டோம், கீழே ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். பெண் பிள்ளை. கொஞ்சம் எடை குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். செம்பகத்துக்கு ரத்தம் ஏற்றினார்கள், கண் திறந்து தண்ணீர் கேட்டாள். நர்சம்மா, "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா" என்று ஆரம்பித்தார். நான், "அந்த ஒரு மணி நேரம் போகலைல்ல? அப்ப விடுங்க" என்றேன்.

மார்கழி 12

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மாணிக்கத்தாயும் ஒரே பெஞ்சில். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நடுவில் குதிரையும் இல்லை, விளக்கும் இல்லை. என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிறகு அவள், "பிள்ளைக்கு எங்க அம்மா பேரு வைக்கணும்" என்றாள்.

"உங்க அம்மா பேரா? ஊரையே ஏச்ச பொம்பள."

"யாரு? எங்க அம்மாவா? உங்க சின்னம்மா மட்டும் யோக்கியமோ?"

"எங்க சின்னம்மாவப் பத்திப் பேசாத மதினி, சொல்லிட்டேன்."

"பேசுவேன். இருபது வருசமாப் பேச ஆளில்லாம வயித்துல கெடக்குது."

நர்சம்மா வந்து சத்தம் போடக்கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார். வாசலில் மாணிக்கத்தாய் டீ வாங்கித் தந்தாள். சர்க்கரை அதிகம். அதையும் சொன்னேன். குடித்தேன்.

அவள் கையைப் பார்த்தேன். நகம் இரண்டு பெயர்ந்திருக்கிறது. விரலெல்லாம் வெடிப்பு. மலை இறங்கின நாளிலிருந்து ஒரு நாள்கூட நிற்காத கை. ஊர் மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடப்பாரையை எடுத்த கை. இந்த மலையில் இவளைப் போல ஒருத்தி இனிப் பிறந்து வர வேண்டும். இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். தாளில் இருந்தால் போதும்.

மார்கழி 15

பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செம்பகத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கீழேயே இருக்கச் சொல்கிறார்கள், வேலப்பன் கூட இருக்கிறான். பெயர் இன்னும் முடிவாகவில்லை. செம்பகம், "நானே வச்சுக்குறேன், ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க" என்று விரட்டுகிறாள்.

மேலே பூண்டு நடவுக்கு மண் காத்துக் கிடக்கிறது. கயல் தவசி வீட்டில் இருக்கிறாள். நாளை விடிந்ததும் நாங்கள் இருவரும் ஏறுகிறோம். துணைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று வேலப்பன் கேட்டான். வேண்டாம் என்று அவள் சொன்னாள். நானும் சொன்னேன்.

கிழவிகள் நடை, வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து போனால் ஏற்றம் முழுப் பகல் ஆகும். பேச வேண்டியதை நினைத்தால் அது காணாது.